தனிமை நாயகன் ஆவது எப்படி?

கதவைச் சாத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டால் நாவலில் வருகிற தனிமை வாய்த்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அதற்குப் பெயர் லீவு. இலக்கியத் தரமான தனிமைக்கு முன்னேற்பாடு வேண்டும். அனுபவசாலிகளிடமிருந்து திரட்டிய குறிப்புகள் இதோ:

1. காகிதம் முக்கியம். டேனியல் டீஃபோவின் ராபின்சன் குரூசோ (1719) தீவில் 28 வருடம் இருந்தவன். தரை தட்டிய கப்பலிலிருந்து துப்பாக்கி, ரம், தச்சுச் சாமான்களோடு பேனா, மை, காகிதத்தையும் மறக்காமல் எடுத்து வந்தான். மை குறையக் குறையத் தண்ணீர் கலந்து, எழுத்து மங்கும்வரை எழுதினான். ஈ காக்கை இல்லாத இடத்தில் யார் படிக்க என்று கேட்காதீர்கள். நீங்களும் நானும்தான்.

2. சொத்து சேர்த்துக்கொள்ளுங்கள். டிக்கன்ஸின் மிஸ் ஹாவிஷாம் அம்மையார், கல்யாணம் நின்றுபோன அன்று எல்லாக் கடிகாரங்களையும் எட்டு நாற்பதில் நிறுத்தினார். ஒரு காலில் மட்டும் செருப்பு. மேஜையில் சிலந்தி குடியேறிய கல்யாண கேக். வாடகை வீட்டில் இது நடக்காது. ஹவுஸ் ஓனர் மறுநாளே காலி செய்யச் சொல்வார். அம்மையாருக்கு அப்பா விட்டுப்போன மது ஆலைச் சொத்து இருந்தது. தன் துயரத்துக்குப் பார்வையாளனாக ஒரு பையனை வரவழைத்து, எதிரில் விளையாடு என்று உத்தரவும் போட முடிந்தது.

3. சொத்து இல்லையா? குடும்பம் போதும். காஃப்காவின் கிரிகோர் சாம்சா (1915) பூச்சியாகக் கண்விழித்த காலையிலும் ரயிலைத் தவறவிட்டதற்குத்தான் கவலைப்பட்டான். தங்கை முதலில் அவனுக்குப் பிடித்த பாலில் ரொட்டித் துண்டுகளைப் போட்டு வைத்தாள். அவன் தொடவில்லை என்றதும், பழைய செய்தித்தாளை விரித்து, பாதி அழுகிய காய்கறியும் கெட்டுப்போன சீஸும் பரப்பினாள். சீஸ் பிடித்துப்போனது. சம்பளம் நின்ற பிறகு உறவு எவ்வளவு நாள் தாங்கும் என்பதை அப்பா வீசிய ஆப்பிள் சொல்லும்.

4. ஆபீசுக்குப் போய்க்கொண்டே இருங்கள். கெயில் ஹனிமனின் எலினார் ஆலிஃபன்ட் (2017) கிளாஸ்கோவில் கணக்கு வழக்கு பார்ப்பவள். வெள்ளி மாலை பீட்சா, இரண்டு பாட்டில் வோட்கா. திங்கள் காலைவரை ஒருவரிடமும் பேச்சில்லை. யாராவது விசாரித்தால் சௌக்கியம் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

5. வேலைக்காரர் வைத்துக்கொள்ளுங்கள். தஸ்தாயெவ்ஸ்கியின் நிலவறை மனிதன் (1864) உலகத்தையே வெறுத்து ஒதுங்கியவன். ஆனாலும் பீட்டர்ஸ்பர்க் அறையில் அப்போலோன் என்ற ஆளை வைத்திருந்தான். மாதம் ஏழு ரூபிள். அதையும் கையில் வைத்துக்கொண்டே, அவராக வந்து கெஞ்சட்டும் என்று இழுத்தடித்தான். அப்போலோன் கெஞ்சவில்லை; முறைத்துப் பார்த்தார். இரவில் அறைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பைபிளின் சங்கீதப் புத்தகத்தை ராகம் போட்டு வாசித்தார்.

எச்சரிக்கை: நாயகனாக விரும்பினால் தடுப்பின் எந்தப் பக்கம் உட்காருகிறீர்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போலோனுக்கும் தனிமைதான். அவருக்கு நாவல் கிடைக்கவில்லை. ஏழு ரூபிளுக்கே இழுபறி.