கீழிழுப்பியல்: மலையக எல்லைக்குள் ஓர் ஆய்வு

போன் திரையில் கட்டைவிரலை வைத்துக் கீழே இழுத்துவிட்டால் பட்டியல் புதுப்பிக்கப்படும் என்பது உலகறிந்த செய்தி. எல்லாரும் செய்வதாலேயே ஒருவரும் ஆராயாமல் விட்ட செயல் இது. இதற்கென ஒரு தனித்துறை இன்னும் இல்லாதிருப்பது அறிவுலகத்துக்கு அழகல்ல. ஆகவே, கீழிழுப்பியல் இங்கே தோற்றுவிக்கப்படுகிறது. ஆய்வுக்களம் இலங்கை மலையகத்தின் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய ஊர்களும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களும். இழுத்த உடனே வேலை செய்யும் ஊர்களில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது?

துறையின் மூலவர் லோரன் பிரிக்டர். அவர் எழுதி 2009இல் ஐபோனுக்கு வெளிவந்த ‘ட்வீட்டி 2’ செயலியில்தான் இந்த இழுப்பு முதலில் பரவலாகத் தெரிய வந்தது. பட்டியலின் உச்சிக்கு வந்த பிறகும் ஒருவர் கீழே இழுக்கிறார் என்றால் புதிதாக ஏதும் உண்டா என்று பார்க்கத்தானே இழுக்கிறார்? அப்படியானால் அதற்குத் தனியாகப் பொத்தான் எதற்கு? இதுவே அவர் கண்ட உண்மை. மறு ஆண்டு ட்விட்டர் அந்தச் செயலியை வாங்கிக்கொண்டது. 2013இல் இந்த இழுப்புக்குக் காப்புரிமையும் கிடைத்தது. அதற்கு முன்பே, 2012இல், ஆப்பிள் தன் ஆறாம் ஐஓஎஸ் பதிப்பில் இதைச் சேர்த்துவிட்டது. இழுக்க இழுக்க நீண்டு, மெலிந்து, அறுந்துபோகும் சாம்பல்நிறத் துளி ஒன்று அப்போது இருந்தது. அடுத்த ஆண்டே அதை எடுத்துவிட்டார்கள். அழகான துளி, பாவம். 2014இல் ஆண்ட்ராய்டுக்கும் ஆயத்த நிரற்கூறு வந்தது: மேலிருந்து ஒரு வட்டம் இறங்கும், சுழலும், மறையும்.

இனி இலக்கணம். இழுப்பு நால்வகைப்படும்: பழக்க இழுப்பு, நனைந்த இழுப்பு, பதற்ற இழுப்பு, வெற்றிழுப்பு.

பழக்க இழுப்பு கொழும்பு பஸ்ஸில் ஏறினால் வரும், இறங்கினால் போகும். அதை விட்டுவிடலாம்.

நனைந்த இழுப்பு மலையகத்தின் தனிச்சொத்து. தென்மேற்குப் பருவமழை பிடித்தால் வட்டவளை, ஹட்டன் பக்கம் நாள்கணக்கில் விடாது. தொடுதிரையோ விரலால் உண்டாகும் மின்னூட்ட மாற்றத்தை உணர்ந்து இயங்குவது. மேலே நிற்கும் நீரையும் அது சில வேளை விரலென்றே எண்ணிக்கொள்ளும். கொழுந்து எடுக்கும் பெண் தேத்தண்ணி வேளையில் போனை எடுத்துப் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இடுப்புப் படங்கு நனைந்திருக்கிறது, தலையில் போட்டது நனைந்திருக்கிறது, முந்தானையும் நனைந்திருக்கிறது. விரலைத் துடைக்கக் காய்ந்த துணி கிடைப்பதற்குள் இடைவேளை முடிந்துவிடும். இதற்குள் திரை தானாக மூன்று பேருக்கு லைக் போட்டிருக்கும்.

பதற்ற இழுப்பு பரீட்சை முடிவு வரும் இரவில் உச்சம் பெறுவது. பரீட்சைத் திணைக்களத்தின் இணையப் பக்கத்தை நாடே ஒரே நேரத்தில் தட்டும். ஒரு லயத்தில் நல்ல கவரேஜ் உள்ள போன் எவரிடம் இருக்கிறதோ அவரைச் சுற்றிக் கூட்டம்.

“வந்துருச்சா அண்ணே?”

“சுத்திக்கிட்டே இருக்கு தம்பி.”

“இன்னொருக்கா இழுங்க!”

இங்கேதான் ஆபத்து. ஆண்ட்ராய்டு குரோமில் இழுத்தால் பட்டியல் மட்டுமல்ல, பக்கம் முழுவதுமே மறுபடி ஏறும். பாடுபட்டு அடித்த சுட்டெண்ணும் அதோடு போய்விடுவதுண்டு. பக்கத்தை எழுதுபவர் விரும்பினால் இந்த இழுப்பைத் தடுத்துவிடலாம். 2017இன் இறுதியிலிருந்து குரோமில் அதற்கு ஒரே ஒரு வரி போதும். அந்த வரியை எழுதுவோர் சிலரே.

நான்காவதான வெற்றிழுப்புக்காகவே இந்தக் கட்டுரை. கவரேஜ் இல்லாத இடத்தில் இழுப்பது வெற்றிழுப்பு. நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகல 2,524 மீற்றர் உயரத்தில் நுவரெலியாவின் தலைக்கு மேலேயே நிற்கிறது. 1982இல் தொடங்கிய ரூபவாஹினியின் ஒளிபரப்புக் கோபுரமும் அதன் உச்சியில்தான். ஆனால் அலைக்கு மலை ஏறி இறங்கத் தெரியாது. சரிவின் மறுபக்கத்துப் பள்ளத்தில் இருக்கும் லயத்தில் ஒரு கோடுகூட வராது. கொரோனாக் காலத்தில் பதுளை மாவட்டத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகப் பாறை ஏறிப் படித்தது வெளிநாட்டுச் செய்திகளிலும் வந்தது.

வெற்றிழுப்பில் நடப்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். வட்டம் இறங்குகிறது, சுழல்கிறது, மறைகிறது. பட்டியல் பழையபடியே இருக்கிறது. இதற்கு இரண்டு பொருள் உண்டு: புதிதாக ஒன்றும் இல்லை, அல்லது, புதிது இருக்கிறது, உங்களிடம் வந்து சேரவில்லை. இரண்டுக்கும் திரையில் ஒரே காட்சி. குற்றம் மலைமேல் இல்லை. அந்தச் சக்கரத்துக்கு ‘சுழல்’, ‘நில்’ என்ற இரண்டு கட்டளைகள்தான் தெரியும். வெற்றி தோல்வி தெரியாது. தகவல் வந்தாலும் ‘நில்’, இணைப்பு அறுந்தாலும் ‘நில்’ என்றே பல நிரலாளர்கள் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

இதற்கிடையில், இழுப்பே தேவையில்லை என்று மூலவரே கருதுகிறார். செயலிகள் இப்போது தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதால் இதற்கு ஓய்வு கொடுத்துவிடலாம் என்று பிரிக்டர் 2017இல் ‘கார்டியன்’ இதழிடம் சொன்னார். லிஃப்டில் கதவு மூடும் பொத்தானை அவர் உவமையாகக் காட்டினார்: அதனால் பயன் இல்லாவிட்டாலும் சனங்களுக்கு அமுக்கப் பிடிக்கிறதாம். இந்தப் பிடித்தம் தேயிலை மலையில் செல்லாது. கொழுந்துச் சுற்று ஏறக்குறைய ஏழு நாளுக்கு ஒரு தடவை. முந்திப் போய் மலையில் கைவைத்தால் கங்காணி திட்டுவார். செயலி திட்டுவதில்லை, சுழன்று காட்டுகிறது.

மலையகத்தின் மிக நீண்ட இழுப்பு போனில் நடந்ததல்ல என்பதையும் பதிவு செய்ய வேண்டும். தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை 2015இல் எழுந்தது. 2016இல் கூட்டு ஒப்பந்தம் வந்தது, ஆயிரம் வரவில்லை. 2019இல் அடிப்படைச் சம்பளம் 700 ஆனது. 2021 மார்ச்சில் வர்த்தமானி அறிவித்தல் வழியாகத்தான் ஆயிரம் வந்தது. 2024 செப்டெம்பரில் 1,350. அந்த இழுப்பில் ஒரு வசதி இருந்தது: ஒவ்வொரு தடவையும் எவ்வளவு வந்தது, எவ்வளவு வரவில்லை என்பது பெரட்டுக் களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

ஆகவே செயலி எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். இழுப்பின் ஆரம்ப காலத்தில், அம்புக்குறிக்குக் கீழே ‘கடைசியாகப் புதுப்பித்தது’ என்று நாளும் நேரமும் காட்டும் சிறு வரி ஒன்று பல செயலிகளில் இருந்தது. திரையை அழகுபடுத்துகிறோம் என்று பிற்பாடு அதை எடுத்துவிட்டார்கள். அதைத் திரும்பப் போடுங்கள். இணைப்பு கிடைக்காவிட்டால் ‘இணைப்பு இல்லை’ என்று தமிழிலேயே சொல்லுங்கள். அந்த வரிக்கு டேட்டா செலவாகாது.