செவ்வாய்க்கிழமை நல்ல கிழமை

எங்கள் வீட்டு அடுக்களைச் சுவரில் ஒரு தினக் காலண்டர் தொங்குகிறது. பலசரக்குக் கடைக்காரர் வருஷா வருஷம் ஓசியில் கொடுப்பது. தாளுக்குத் தாள் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை. அக்கா அதைப் பார்க்காமல் கேஸ் சிலிண்டர்கூட மாற்ற மாட்டாள். அவள் மகன் அதைப் பார்த்துச் சிரிப்பான். “இந்தக் காலத்துலயும் இதை நம்புறாங்களே மாமா!”

பையன் பகுத்தறிவாளன். விஸ்காம் படித்துவிட்டு, ஒரு கட்சியின் மாவட்டச் செயலாளருக்கு சோஷியல் மீடியா அட்மினாக இருக்கிறான். அவன் லேப்டாப்பில் ஒரு எக்செல் ஷீட் உண்டு. தலைவர் வாழ்த்து காலை 7.10. நிழற்குடைத் திறப்பு 12.40, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே ஜனம் போனைத் தடவும் நேரம். கண்டனம் இரவு 8.30. இரங்கல், டிவியில் செய்தி ஓடிய 11 நிமிஷத்துக்குள். பச்சைக் கட்டம் என்றால் போடலாம், சிவப்புக் கட்டம் என்றால் கூடாது. ராகு காலத்துக்கு அவன் வைத்திருக்கும் பெயர் ‘டெட் அவர்’. மஞ்சள் தடவாத பஞ்சாங்கம், அவ்வளவுதான்.

“இதெல்லாம் யார் கணிச்சது?” என்று கேட்டேன்.

“டேட்டா மாமா. அமெரிக்காக்காரன் ரிப்போர்ட்.”

எந்த நேரத்தில் எதைப் போட்டால் ரீச் வரும் என்று வருஷந்தோறும் அறிக்கை விடும் கம்பெனிகள் அங்கே இருக்கின்றன. அதே கம்பெனிகள்தான், நீங்கள் தூங்கும்போதும் குறித்த நேரத்தில் பதிவைத் தானாகப் போடும் மென்பொருளை மாதச் சந்தாவுக்கு விற்கின்றன. சீட்டை எடுக்கும் கிளியும் அவர்களுடையது, கூண்டும் அவர்களுடையது, பரிகாரக் கயிறும் அவர்களுடையது. அந்த அறிக்கைகளில் செவ்வாய்க்கிழமை காலை அடிக்கடி தலைகாட்டும். 9 மணி, 10 மணி, அமோகம் என்பார்கள். நம் காலண்டரை எடுத்துப் பாருங்கள்: செவ்வாய் காலை 9 முதல் 10.30 வரை எமகண்டம். எந்த எமனை நம்புவது?

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை 10 மணி என்றால், அவர்களுடைய கோடையில் நமக்கு இரவு 7.30. அங்கே ஒருவன் காப்பிக் கோப்பையோடு ஆபீஸ் நாற்காலியில் சாய்கிற நேரத்தில், இங்கே ஒருவன் டாஸ்மாக் வாசலில் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறான். நம் பையன் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. சிகாகோக்காரன் காலை 9 என்றானா, செக்கானூரணியிலும் காலை 9.

அதைவிடப் பெரிய வேடிக்கை, கடிகாரமே அங்கே கிடையாது என்பது. பதிவுகளைப் போட்ட வரிசையில் காட்டுவதை நிறுத்தப்போவதாக இன்ஸ்டாகிராம் அறிவித்தது 2016 மார்ச்சில். ஃபேஸ்புக் அதற்கும் முன்பே அந்த வழிக்குப் போய்விட்டது. நீங்கள் திங்கட்கிழமை போட்டதை உங்கள் சித்தப்பாவுக்கு எப்போது காட்டுவது, காட்டுவதா வேண்டாமா என்பதை அல்காரிதம் முடிவு செய்கிறது. காலண்டர் தாளை மொத்தமாகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறமும் நல்ல நேரம் குறித்துக் கொடுக்கிற தொழில் ஜாம் ஜாமென்று நடக்கிறது. “போட்ட முதல் அரை மணி நேரத்துல எத்தனை லைக் விழுதுங்கிறது முக்கியம் மாமா” என்றான். முதல் அரை மணி நேரத்தில் லைக் போட மாவட்டச் செயலாளர் 40 பேருக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்து கொடுக்கிறார் என்பதையும் அவனே சொன்னான்.

அந்த ஷீட்டில் என் கண் நிலைகுத்தி நின்ற இடம் இரங்கல் என்ற கட்டம். அதற்குள் ஒரு ஃபோல்டர். ஊரில் இன்னும் உயிரோடு நடமாடுகிற எட்டுப் பேருடைய படங்கள், கறுப்பு வெள்ளையாக மாற்றப்பட்டு, கீழே ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று எழுதி, தேதி மட்டும் காலியாக விடப்பட்டு. இரண்டு பேருக்கு டயாலிசிஸ் ஓடுகிறது. ஒருவர் நன்றாகத்தான் இருக்கிறார், வயசாகிவிட்டது என்பதால் சேர்த்திருக்கிறான். அவருடைய பேரன் கல்யாணத்தில் இவன்தான் பந்தி விசாரித்தான்.

குளிகையில் சவம் எடுக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் செய்த காரியம் திரும்ப நடக்கும் என்று பயம். மூடநம்பிக்கைதான். ஆனால் அந்த மூடநம்பிக்கைக்குள் இன்னொரு சாவு வேண்டாம் என்ற வேண்டுதல் இருந்தது. இவனுடைய ஷீட்டில் அடுத்த சாவுக்கு டெம்ப்ளேட் ரெடி.

இந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு ஒரு சாயங்காலம் பார்த்தது. 2016 டிசம்பர் 5. ஜெயலலிதா இறந்துவிட்டார் என்று சில சேனல்கள் ஓட்டின. கட்சித் தலைமை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. ஆஸ்பத்திரி மறுத்ததும் அதே கொடி மறுபடி மேலே ஏறியது. முந்திக்கொண்டு இரங்கல் தட்டியவர்கள் அவசர அவசரமாக அழித்தார்கள். இரவு 11.30-க்கு உயிர் பிரிந்ததாக அறிவிப்பு வந்ததும் அதே இரங்கலை மறுபடி ஒட்டினார்கள். ஒரு மனுஷி ஒரே நாளில் இரண்டு தடவை சாக வேண்டியிருந்தது, யாருடையது முதல் பதிவு என்ற போட்டியில்.

நானும் யோக்கியன் இல்லை. அப்பாவை எரித்துவிட்டுத் திரும்பும் வேனில், காலையில் போட்ட பதிவுக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தவன் நான். 212. இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கண்டனம் ஏன் இரவு 8.30 என்று கேட்டதற்கு, “சாப்டுட்டுக் கோபப்படுவாங்க மாமா, கோபம்தான் ஓடும்” என்றான். அதில் அவன் சொன்னது சரி. 2017 முதல் சில காலம், கோப முகம் உட்பட அந்த உணர்ச்சிக் குறிகள் ஒவ்வொன்றுக்கும் வெறும் லைக்கைப்போல் 5 மடங்கு எடை போட்டது ஃபேஸ்புக். உள்ளே இருந்து காகிதங்கள் கசிந்து 2021-இல்தான் இது ஊருக்குத் தெரிந்தது. நாம் சாதிச் சண்டையிலும் மதச் சண்டையிலும் பல்லைக் கடித்துக்கொண்டு சிவப்பு முகத்தை அழுத்தியபோதெல்லாம், கடலுக்கு அப்பால் ஒருவன் தராசில் ஐந்து ஐந்தாகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

நேரம் பார்ப்பது ஒன்றும் இவர்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. ஃபேஸ்புக் பிறப்பதற்கு முன்பே, 2001 செப்டம்பர் 11 அன்று, நியூயார்க்கில் இரண்டாவது விமானம் மோதி ஒரு மணி நேரம் ஆவதற்குள், லண்டனில் ஓர் அமைச்சரின் ஆலோசகர் தன் சகாக்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பெயர் ஜோ மூர். புதைக்க வேண்டிய செய்தி ஏதாவது இருந்தால் இன்றைக்கு வெளியே விட நல்ல நாள் என்பது அதன் சாரம். வெளியே தெரிந்து நாறியதும் மன்னிப்புக் கேட்டார். மறு வருஷம் பிப்ரவரியில் பதவி போயிற்று. பாவம், அவர் செய்த தப்பு அதை எழுத்தில் வைத்தது. நம்மவர்கள் எழுதி வைப்பதில்லை. 2018 ஜனவரி 19, வெள்ளிக்கிழமை, பொங்கல் விடுமுறையின் மிச்சத்தை ஜனம் தின்றுகொண்டிருந்தபோது பஸ் கட்டண உயர்வு அறிவிப்பு வந்தது. சனிக்கிழமை காலை புது விலையில் டிக்கெட் கிழித்தார்கள். வீட்டிலிருந்து எண்ணிக் கொண்டுவந்த காசு போதாமல் பாதி வழியில் இறங்கியவர்களுக்கு அது எந்த நேரம்?

அந்த 2001 செப்டம்பர் 11 ஒரு செவ்வாய்க்கிழமை. சும்மா சொன்னேன். 2016 நவம்பர் 8-உம் செவ்வாய்தான். இரவு 8 மணிக்கு டிவியில் பிரதமர் வந்தார், நள்ளிரவோடு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார். 2020 மார்ச் 24-உம் செவ்வாய்தான். அதே இரவு 8 மணி, அதே பிரதமர். நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு என்றார். இரண்டு தடவையும் நாட்டுக்குக் கிடைத்த அவகாசம் நாலு மணி நேரம். ‘செவ்வாயோ வெறுவாயோ’ என்று எங்கள் பாட்டி சொல்லுவாள். அவளுக்கு என்ன தெரியும், பிரைம் டைம் ரேட்டிங் தெரியுமா? டெல்லியிலிருந்து பீகாருக்கு மூட்டையைத் தலையில் வைத்து நடந்தவனுக்கு அன்று காலண்டரில் என்ன போட்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. பதிவுக்கு ரீச் நன்றாக இருந்தது.

ஆக, நல்ல நேரம் என்று ஒன்று உண்டு. அது ஆளுகிறவனுக்கு உண்டு. அடிபட்டவள் வாயைத் திறந்தால் மட்டும் அது எப்போதும் கெட்ட நேரம்.

2018 அக்டோபரில் மீ டூ என்று சில தமிழ்ப் பெண்கள் தங்களுக்கு நேர்ந்ததை ட்விட்டரில் எழுதினார்கள். அதற்கு வந்த முதல் கேள்வி ‘யார் செய்தது?’ இல்லை. ‘இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தாய்? ஏன் இப்போது?’ என்பது. நடந்த அன்றைக்கே சொல்லியிருந்தால் அவசரக்காரி, ஆதாரம் எங்கே என்பார்கள். பத்து வருஷம் கழித்துச் சொன்னால் யார் தூண்டிவிட்டது என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் பச்சைக் கட்டம் எங்கேயாவது இருக்கிறதா என்று நம் பையனின் ஷீட்டில் தேடிப் பார்த்தேன். இல்லை.

மணிப்பூரில் 2023 மே 3-ஆம் தேதி கலவரம் வெடித்தது. இணையத்தை நிறுத்தினார்கள். மறுநாள் இரண்டு குக்கிப் பெண்களை ஒரு கும்பல் நிர்வாணமாக்கி வயல் வழியே நடத்திக் கொண்டுபோனது. மே 18-ஆம் தேதியே போலீஸ் ஸ்டேஷனில் வழக்குப் பதிவாகிவிட்டது. அந்த வீடியோ வெளியே வந்தது ஜூலை 19. முதல் கைது ஜூலை 20. பிரதமர் மணிப்பூர் பற்றி முதன்முதலாக வாய் திறந்ததும் ஜூலை 20. இரண்டு மாசம் ஒரு காகிதத்தால் முடியாததை ஒரு வீடியோ ஒரே ராத்திரியில் செய்தது. உடனே ஆளுங்கட்சிக்காரர்கள் கேட்டார்கள்: நாடாளுமன்றம் கூடுவதற்கு முந்தின நாள் பார்த்து ஏன் வெளியிட்டார்கள்? உள்துறை அமைச்சர் மக்களவையிலேயே கேட்டார். அந்தப் பெண்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்தான். மழைக்காலக் கூட்டத்தொடர் முடிந்து, சுதந்திர தினக் கொடியெல்லாம் இறக்கின பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு, காப்பி குடிக்கிற நேரமாகப் பார்த்து, நம்முடைய மானம் போகாதபடி அவர்களுடைய மானத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ரீச்சும் வந்திருக்கும்.

போன வாரம் பையன் மே மாசத்து ஷீட்டைத் தயார் செய்துகொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். மே 22 என்ற கட்டத்தில் மூன்று வரி இருந்தது. காலை 8.45, தூத்துக்குடி தியாகிகளுக்கு அஞ்சலி. 10.30, அண்ணன் நீர்மோர்ப் பந்தல் திறப்பு, ரீல்ஸ். மாலை 6, ஒன்றியச் செயலாளர் இல்லக் காதணி விழா.

2018 மே 22-உம் செவ்வாய்க்கிழமைதான். ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லிப் போராடத் தொடங்கி நூறாவது நாள். கலெக்டர் ஆபீஸுக்குப் போன ஜனத்தைப் போலீஸ் சுட்டது. அன்றும் மறுநாளும் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த பெண்ணும் அதில் உண்டு. சுட்டதை டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி. அது உண்மையில்லை, அதிகாரிகள் அவருக்குத் தகவல் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள் என்று துப்பாக்கிச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சொன்னது. அந்த அறிக்கை சட்டசபைக்கு வந்து சேர 2022 அக்டோபர் ஆயிற்று. உண்மைக்கு ஷெட்யூல் போட்டது யாரோ.

“சுட்ட அன்னிக்கு தூத்துக்குடிப் பிள்ளைங்க எத்தனை மணிக்குப் பதிவு போட்டாங்கன்னு உன் டேட்டாவுல இருக்காடா?” என்றேன்.

அவன் போனில் எதையோ தேடினான். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தான்.

“மறுநாளே நெட்டைக் கட் பண்ணிட்டாங்களே மாமா. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி, மூணு ஜில்லாவுக்கும். அஞ்சு நாளைக்கு ஆர்டர் போட்டிருக்காங்க.”

“அப்ப அவங்களுக்கு எது நல்ல நேரம்?”

அவன் பதில் சொல்லவில்லை. அடுக்களையில் அக்கா நாளைய தாளை இன்றைக்கே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கர்சரை அந்தக் கட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினான்.

“சரி மாமா, 8.45-ஐ லாக் பண்ணிடட்டா? அதை விட்டா மோர்ப் பந்தலோட மோதும்.”