கோழி தின்ற குற்றம்

2011 செப்டம்பரில் பாஸ்டன் நகரத்தின் மானத்தை வாங்கியது பொரித்த கோழி. ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் வீழ்ச்சிக் கதையை ஊர் அப்படித்தான் படித்தது. மாதத் தொடக்கத்தில், அடுத்த சுற்றுக்கான கடைசி இடத்துக்கு ஒன்பது ஆட்ட முன்னிலை. அந்த மாதம் ஆடிய 27 ஆட்டங்களில் 20 தோல்வி. கடைசி நாள் பால்டிமோரிடமும் தோற்று வீட்டுக்குப் போனார்கள். காரணம் என்ன? ஜோஷ் பெக்கெட், ஜான் லெஸ்டர், ஜான் லாக்கி என்ற பந்தெறியும் மூன்று பிட்சர்கள், தங்கள் முறை வராத நாட்களில், ஆட்டம் நடக்கும்போதே உள்ளே உட்கார்ந்து பீர் குடித்து, கோழி தின்று, வீடியோ கேம் ஆடினார்களாம்.

கூட ஆடுகிறவன் மைதானத்தில் உதை வாங்கும்போது உள்ளே எலும்பு கடிப்பவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய மாதம்தான், புயல் வருகிறதென்று ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைத்ததற்கு இந்தக் கோடீஸ்வரப் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். உரிமையாளர் ஜான் ஹென்றி ஆளுக்கொரு 300 டாலர் ஹெட்ஃபோன் கொடுத்து, தன் சொந்த உல்லாசப் படகில் விருந்தும் வைத்தார். முதலாளி படகில் தின்றால் பண்பாடு, பொட்டலம் பிரித்துத் தின்றால் சீரழிவு!

பண்பாட்டைச் சீர்திருத்தத் தலை ஒன்று உருள வேண்டுமே. மேனேஜர் டெர்ரி ஃபிரான்கோனாவின் தலை உருண்டது. 86 ஆண்டு வறட்சியை 2004-ல் முடித்து வைத்து, 2007-ல் மறுபடியும் கோப்பை வாங்கித் தந்த மனிதர். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதையாக, அவர் வெளியேறிய சில நாட்களில் அவருடைய திருமண வாழ்க்கையும், வலிக்கு அவர் எடுத்த மாத்திரையும் பத்திரிகையில் செய்தியாயின. சொன்னவர்கள் பெயர் தெரியாத 'வட்டாரங்கள்'. மாத்திரைக்கும் தோல்விக்கும் சம்பந்தமில்லை என்று அந்த மனிதர் விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. ஹென்றி அழையாமலே ஒரு வானொலி நிலையத்துக்குள் போய் நின்று, கசியவிட்டது நிர்வாகம் அல்ல என்றார். போன கையோடு, 14.2 கோடி டாலருக்குத் தன் அணி ஒப்பந்தம் போட்ட கார்ல் கிராஃபோர்டை எடுப்பதில் தனக்கு உடன்பாடே இல்லை என்றும் சொல்லிவிட்டார். செக் மட்டும் தானாகவே கையெழுத்தாகிவிட்டது போலிருக்கிறது.

அடுத்து வந்தார் வாத்தியார், பாபி வாலன்டைன். வீரர்கள் அறையில் பீருக்குத் தடை. சீசன் தொடங்கிய அதே மாதம் தன் அணி வீரர் கெவின் யூகிலிஸுக்கு ஆட்டத்தில் முன்போல மனம் ஒட்டவில்லை என்று டிவியில் சொன்னார். இங்கே அப்படி நடந்துகொள்வதில்லை என்று சக வீரர் டஸ்டின் பெட்ரோயாவே வெளிப்படையாகச் சொல்லும் நிலை. ஃபென்வே பார்க் மைதானத்துக்கு நூறு வயதான அந்த 2012-ல், சொட்டு பீர் இல்லாத புனித அணி 93 ஆட்டங்களில் தோற்றது. 1965-க்குப் பின் இவ்வளவு கேவலமான சீசன் இல்லை. பெக்கெட்டும் கிராஃபோர்டும் ஆகஸ்ட்டிலேயே லாஸ் ஏஞ்சலஸுக்கு ஏற்றுமதியானார்கள். 25 கோடி டாலருக்கு மேல் சம்பளச் சுமை இறங்கியது. சீசன் முடிந்த மறுநாள் வாலன்டைனும் காலி.

2013-ல் அதே ரெட் சாக்ஸ் உலகத் தொடரை வென்றது. எல்லாரும் தாடி வளர்த்திருந்தார்கள். ஒற்றுமை, தோழமை, பண்பாடு மீண்டது என்று ஊரே உருகியது. தொடரில் இரண்டு ஆட்டங்களை வென்று கொடுத்த பிட்சர் லெஸ்டர். கோப்பையை உறுதி செய்த ஆறாவது ஆட்டத்தை வென்றவர் லாக்கி. ஆமாம், அதே இருவர்தான். ஜெயித்த கையில் எண்ணெய்ப் பிசுக்கு யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

ஃபிரான்கோனா? அந்த ஆண்டு கிளீவ்லாந்து அணியை 92 வெற்றிகளுக்குக் கொண்டுபோய், அமெரிக்கன் லீகின் சிறந்த மேனேஜர் விருதை வாங்கினார். அவருடைய மாத்திரையை எண்ணிச் சொன்ன பெரிய மனிதர்களில் ஒருவர்கூடத் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு முன்னால் வரவில்லை.