காலை விறகாக்கிய பேயும் முந்திரிக்காட்டுப் பாதையும்

பேய் சமைக்க வேண்டும். அடுப்பெரிக்க விறகில்லை. அதற்காக அது யாரையும் கடன் கேட்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே காலை அடுப்புக்குள் நீட்டிப் பற்றவைத்துக்கொண்டு நிதானமாகச் சமையலைத் தொடங்கியது.

1978இல் தெலுங்கில் வந்து, பிறகு தமிழும் பேசிய விட்டலாச்சார்யாவின் ‘ஜெகன்மோகினி’ அது. தரை டிக்கெட்டில், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்த அரியலூர்ப் பக்கத்துப் பையன்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அதே படத்தை யூடியூபில் போட்டுக் காட்டினால், “இதுக்கா தாத்தா பயந்தீங்க?” என்று சிரிக்கிறது பொடிசு. தாத்தாவுக்குப் பேயைவிட இந்தக் கேள்விதான் பெரிய சங்கடம்.

தாத்தா தரப்பிலும் நியாயம் உண்டு. டூரிங் டாக்கீஸில் பகல் காட்சி கிடையாது. இருட்டினால்தான் திரையில் படம் தெரியும். ஒற்றை புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. முறுக்கைக் கடித்தபடி, அடுத்து என்ன வருமோ என்று பயப்படத் தாராளமாக நேரம் கிடைக்கும். செகண்ட் ஷோ முடிந்து, செந்துறை, ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காட்டு வழியாக வீட்டுக்கு நடக்க வேண்டும். காய்ந்த சருகு சலசலத்தால் போதும், படத்தில் இல்லாத பேயெல்லாம் அங்கே இலவசம். தயாரிப்பாளர் மிச்சம் பிடித்த செலவை முந்திரிக்காடு ஈடுகட்டியது.

மிச்சம் பிடிப்பதில் விட்டலாச்சார்யா மன்னன். கேமராவை நிறுத்தி, ஆளை நகர்த்தி, மறுபடி ஓட்டினால் மனிதன் மாயம். கதாநாயகன் சம்பளத்தை உயர்த்திக் கேட்டால், முனிவர் சாபத்தால் அவனைக் கிளியாகவோ ஆடாகவோ மாற்றிவிட்டு மீதிப் படத்தை முடித்துவிடுவார் என்று சினிமாக்காரர்கள் சொல்வதுண்டு. ஆடு கால்ஷீட் பிரச்சினை செய்யாது.

பிறகு வந்தவர்கள் வெளிநாட்டுப் பேய்களை வரவழைத்தார்கள். ‘தி ஓமன்’ படத்துச் சாத்தான் பிள்ளை ‘ஜென்ம நட்சத்திரம்’ (1991) ஆனது. அதே ஆண்டு ‘வா அருகில் வா’வில் பொம்மைக்குள் ஆவி புகுந்தது, அமெரிக்காவில் ‘சைல்ட்ஸ் ப்ளே’ பொம்மை கத்தியைத் தூக்கி மூன்றாண்டுதான் ஆகியிருந்தது. ‘நாளைய மனிதன்’ (1989) பிணத்தையே எழுப்பி நடக்கவிட்டது. ராம நாராயணனோ ‘ஆடி வெள்ளி’யில் (1990) யானையையும் பாம்பையும் நடிக்கவைத்து, அம்மன் அருளையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்.

சினிமா அம்மன் கிளைமாக்ஸ் என்றால் எந்தக் கிழமையிலும் வந்துவிடுவாள். பெரம்பலூர்க்காரர்களுக்கு அது கொஞ்சம் உதைக்கும். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில், விசேஷ நாட்கள் நீங்கலாக, திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பு. புதன்கிழமை பிடிக்கிற பேய் வெள்ளிவரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரப்பர் பாம்பைப் பார்த்து அலறியவர்களின் காலடியிலேயே அசல் பூதம் கிடந்தது. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1980களில் பெயர் சூட்டப்பட்ட பிருகத்காயோசாரஸ், உலகின் மிகப்பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். அந்த எலும்புகளோ பொடிந்து போய்விட்டன. ஊரையே மிரட்டிவிட்டு, ஆதாரம் கேட்டால் காணாமல் போவது சுத்தமான பேய்க்குணம்.

2009இல் நமீதாவை நடிக்கவைத்து ‘ஜெகன்மோகினி’யை மறுபடி எடுத்தார்கள். கையில் கிராபிக்ஸ் இருந்தது. ஆனாலும் இன்றுவரை பேச்சில் அடிபடுவது பழைய பேயின் கால்தான். பார்க்காதவர்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு. சிரிக்கிற பேரனைப் படம் முடிந்ததும் கொல்லைப்பக்கம் போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள்.