கோகோ தீவு கூப்பிடு தூரம்

வெளிநாட்டில் குடியேறப் போகிற அந்தமான் திக்லிபூர்த் தம்பிக்கு பைலட் ஆசை. பக்கத்து சிப்பூரில் ஓடுபாதை உண்டு. அது கடற்படையின் சொத்து. 2019 முதல் ஐ.என்.எஸ். கோஹாசா என்று பெயர்ப்பலகை. நமக்கு வாய்த்தது தலைநகருக்குப் போகும் விடியற்காலை பஸ். ஜாரவா பழங்குடியினரின் காட்டு வாசலில் வண்டிகளின் கான்வாய் கிளம்பும்வரை வடையைக் கடித்தபடி வானத்தைப் பார்க்கலாம். வடக்கே மியான்மரின் கோகோ தீவு. வெளிநாடு பக்கம்தான், பயிற்சிப் பள்ளிதான் தூரம்!

மெயின்லேண்டில் 40 மணி நேரம் பறந்து தனியார் விமானி உரிமம் வாங்கினாலும், போன நாட்டில் பதிவான விமானத்தை ஓட்ட அந்த நாட்டின் அங்கீகாரம் வேண்டும். 1944 சிகாகோ உடன்படிக்கை அப்படி. தம்பி, குடியேறும் நாட்டிலேயே படித்துக்கொள்ளுங்கள். பஸ் டிக்கெட்டை மட்டும் இன்றே எடுத்துவிடுங்கள்.