கன்னுக்குட்டிக்கு யாரு பரிசு குடுக்கறது?

சிப்காட்டுல ஷிப்டு முடிஞ்சு வந்ததும் வராததுமா, 'தாத்தா, லண்டன்ல பிரபு வீட்டுல பொறந்தாலே மேல்சபையில சீட்டு இருந்துச்சாமே'ன்னு வாயைப் பொளக்கறியே தம்பி. உக்காரு. இந்தக் கூத்து எனக்குப் பழசு.

நம்மூரு பக்கம் எருது விடறதைப் பாத்திருக்கல்ல? இந்தக் கோட்டுல விட்டா அந்தக் கோட்டை எத்தனை நொடியில தாண்டுதுன்னு நேரம் பாப்பாங்க. 'இது போன வருசம் பரிசடிச்ச காளையோட கன்னு, ஓடாமயே பைக்கைக் குடுங்க'ன்னு கேட்டுப் பாரேன். மூக்கணாங்கயித்தை உனக்குப் போட்டு ஓட்டிவிட்டுருவாங்க.

வெள்ளைக்காரன் அப்படித்தான் கன்னுக்கெல்லாம் பரிசு குடுத்துட்டிருந்தான். நம்மாளும் ஒருத்தரு உள்ள போனாரு, வங்காளத்து சத்யேந்திர பிரசன்ன சின்கா, 1919-ல. கெட்டிக்கார வக்கீலு, சரி. 1928-ல அவரு கண்ணை மூடினாரு. மகன் போயி அப்பா சீட்டைக் கேட்டாரு. என்னத்தைப் பாத்தாங்க தெரியுமா? படிப்பையா? புத்தியையா? 'உங்கப்பன் ஆத்தா கல்யாணம் செல்லுமா, மொதல்ல அதைக் காட்டு'ன்னாங்க! அது தீர 1939 ஆச்சு. நீ என்னடான்னா வாரிசு சான்றிதழுக்கு ரெண்டு வாரம் அலைஞ்சதுக்கே மூஞ்சத் தூக்கிக்கற.

1999-ல ஒருவழியா அந்தப் பரம்பரைக்காரங்களை வெளிய அனுப்பினாங்க. அப்பவும் மனசு வராம 92 பேரை வச்சுக்கிட்டாங்க. வீட்டை வித்தவன் ஒரு ரூமு சாவியை மட்டும் மடியில முடிஞ்சுக்கிட்ட கதை.

சிரிக்காத. நமக்கும் மேலவை இருந்துச்சு. பரம்பரை சீட்டு இல்ல, ஆனா நியமன சீட்டும் இருந்துச்சு. இங்க ஓசூராண்ட தொரப்பள்ளியில பொறந்த ராஜாஜி, 1952-ல தேர்தல்லயே நிக்காம, கவர்னரு நியமிச்சு, அது வழியா முதலமைச்சரானாரு. மகா மூளைக்காரரு, ஒத்துக்கறன். ஆனா கோட்டுல நிக்கலையே? 1986-ல எம்.ஜி.ஆர். மேலவையை மூடிட்டாரு. அத்திப்பள்ளி தாண்டினா கர்நாடகாவுல இன்னும் 75 நாற்காலி போட்டு வச்சிருக்கான். அங்க மட்டும் ராகி ரெண்டு போகம் கூட வெளையுதா என்ன?

மைசூரு ராஜா வீட்டு யதுவீரே 2024-ல வெயில்ல ஓட்டு கேட்டுத்தான் பார்லிமெண்டுக்குப் போனாரு. அப்ப பிரபுவெல்லாம் ஒழிஞ்சாச்சுங்கறியா? அடப் போடா. நெடுஞ்சாலையில பாலத்துக்குப் பாலம் பேனரு தொங்குதே, தாத்தன் மூஞ்சி, அப்பன் மூஞ்சி, நடுவுல மீசை மொளைக்காத பேரன். அவனை எந்தக் கோட்டுல நிறுத்தி நேரம் பாத்தாங்க, நீ பாத்தியா?