சட்டமே, உன் தாராளம் யாருக்கு வரும்!

சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமே, எறையூர்க் கரும்பு விவசாயி ஒருவன் உன்னை வாழ்த்த வந்திருக்கிறேன். நீ பிறந்தது 1967இல். தடா 1995இல் காலாவதியானது. பொடாவை 2004இல் நீக்கினார்கள். அந்தப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள் இரண்டும் விட்டுப்போன சரக்கு வீணாகாமல் அள்ளிவைத்துக் காப்பாற்றினாயே, அந்தச் சிக்கனம் வாழ்க!

உன் 15ஆம் பிரிவின் விருந்தோம்பலுக்கு ஈடில்லை. வெடிகுண்டு, துப்பாக்கி, நச்சுவாயு என்று அடுக்கியவள், ஆயுதம் இல்லாத எளியவர்கள் வாசலில் நின்றுவிடுவார்களே என்று இரங்கி, 'வேறு எந்த வழியாலும்' என்று ஒரு வார்த்தை சேர்த்தாய். மக்களை அச்சுறுத்தும் நோக்கம் இருந்தே ஆக வேண்டும் என்றும் நீ பிடிவாதம் பிடிப்பதில்லை. அச்சம் விளையக்கூடும் என்றாலே போதும். யாரும் சாக வேண்டியதில்லை, மக்களுக்கு அவசியமான பொருள் வரத்து தடைப்பட்டாலும் உள்ளே இடமுண்டு. கரும்புப் பாக்கி கேட்டுச் சாலையில் உட்காரும் எங்களை நீ இன்னும் அழைக்கவில்லை. ஆனாலும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறாய், மறக்க மாட்டோம்.

பயங்கரவாதம் எங்கள் பக்கத்துக்குத் தெரியாததல்ல. 1987 மார்ச் 15 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தைக் குண்டுவைத்துத் தகர்த்தார்கள். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து பயணிகள் பலர் மாண்டார்கள். அது கொடுங்குற்றம் என்று யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. குண்டு வைத்தவனோடு நின்றுவிடும் குறுகிய மனமா உனக்கு? 2002இல் திருமங்கலத்தில் மேடையேறிப் பேசிய வைகோவை ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் வைத்துப் பராமரித்த பொடாவின் வாரிசல்லவா நீ!

முதியோரிடம் நீ காட்டும் பரிவைத் தனியே சொல்ல வேண்டும். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காக உழைத்தவர் ஸ்டேன் சுவாமி. விசாரணைக் கைதிகளாகவே வாடிய இளைஞர்களுக்காக நீதிமன்றம் போனவர். 2020 அக்டோபர் 8 அன்று, 83 வயதில், அவரையே விசாரணைக் கைதியாக்கினாய். பார்கின்சன் நோயால் கை நடுங்கும், தம்ளர் பிடிக்க முடியாது; உறிஞ்சுகுழல் கேட்டார். பதில் சொல்லத் தேசியப் புலனாய்வு முகமை கேட்டது 20 நாள். ஒரு குழலைப் பற்றி அவ்வளவு ஆழ்ந்து சிந்திக்கும் அரசு உலகில் வேறெங்கே உண்டு?

குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள்வரை அடைத்துவைக்கும் பொறுமை உன்னுடையது. போலீஸ் எழுதியது மேலோட்டமாக உண்மைபோல் பட்டாலே ஜாமீன் இல்லை என்கிறது உன் 43டி(5). அந்த உறுதியால்தான் அவர் வழக்கு விசாரணை தொடங்கும் முன்பே, ஜாமீனுக்குக் காத்திருந்தபடி, 2021 ஜூலை 5 அன்று இறந்தார். குற்றவாளி என்று தீர்ப்பு வந்து அவர் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டாய்.

2024 ஜூலை 1 முதல் பயங்கரவாதச் செயல் பொதுத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 113ஆம் பிரிவாக ஏறிவிட்டது. குண்டு வைப்பவனைத் தண்டிக்க அதுவே இருக்கிறது. ஆகவே, வாக்குக் கேட்டு எறையூருக்கு வருகிறவர்களே, 43டி(5)ஐ நீக்குவதாகச் சொல்லிவிட்டு ஊருக்குள் வாருங்கள்.